60 வருஷமாக நிற்கிற கரையை நம்பலாமா?

கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். டெக்சஸில், டல்லஸுக்கு வடக்கே, புதிதாகப் போட்ட ஒரு சப்டிவிஷனில் வீடு வாங்கப் பார்க்கிறீர்கள். பின்பக்க வேலியிலிருந்து கால் மைல் தூரத்தில் புல் மூடிய நீளமான மேடு ஒன்று, அதற்கு அந்தப் பக்கம் சின்னதாக ஒரு குளம். ஏஜென்ட் அதை வாக்கிங் போக நல்ல இடம் என்று காட்டியிருக்கிறார். ராத்திரி உட்கார்ந்து தேடியபோதுதான் அது 1960-களில் வெள்ளத் தடுப்புக்காகக் கட்டிய மண் அணை என்று தெரிந்திருக்கிறது, பக்கத்திலேயே 'ஹை ஹஸார்ட்' (அதிக ஆபத்து) என்ற வார்த்தையும். உங்கள் கணவர், "60 வருஷமா நிக்குது, நாம போனதும்தான் உடையப் போகுதா?" என்கிறார். வாங்கலாமா வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கென்னவோ நீங்கள் தெரிந்துகொள்ள நினைப்பது அவர் சொல்கிற அந்த வாதம் செல்லுமா என்பதைத்தான்.

செல்லாது. அவருடைய முடிவு சரியாகவே இருக்கலாம், அந்தக் கரை இன்னும் 60 வருஷம் ஒன்றும் ஆகாமல் நிற்கலாம். காரணம்தான் தப்பு. நான் ஊரில் சில வருஷம் ஏரிக்கரை வேலை பார்த்தேன், அப்புறம் இங்கே இருபது வருஷத்துக்கு மேலாக இந்த மாதிரிச் சின்ன அணைகளைச் சோதிப்பதும் செப்பனிடுவதும்தான் பிழைப்பு. இரண்டையும் பார்த்தவன் என்பதால் இரண்டையும் பக்கத்தில் வைத்தே சொல்கிறேன், அதுதான் சட்டென்று புரியும்.

ஏரி என்பது தண்ணீரைச் சேர்த்து வைக்கக் கட்டியது. ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பிக் கலிங்கு வழியாக மறுகால் போனால் ஊரே கரைமேல் வந்து நின்று வேடிக்கை பார்க்கும். நல்ல மழை பெய்கிற ஒவ்வொரு வருஷமும் கரை முழு உயரத்துக்குத் தண்ணீரைத் தாங்கிக் காட்டுகிறது, எங்கே ஊறுகிறது, எங்கே இறங்குகிறது என்பது ஊரில் நாலு பேருக்காவது தெரிந்திருக்கும். உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருப்பது இதற்கு நேர்மாறு. காலியாகக் கிடப்பதுதான் அதன் வேலை. நீங்கள் பார்க்கிற குளம், அடியில் வண்டல் சேரட்டும் என்று விட்ட இடம், அவ்வளவே. அதற்கு மேல் கரையின் உயரத்தில் பெரும்பகுதி வெள்ளம் வந்தால் தேங்குவதற்காக வெறுமனே நிற்கிறது. அந்த மேல்பகுதி மண் தண்ணீரையே பார்க்காமல் முப்பது நாற்பது வருஷம் கிடக்கலாம். அதனால் 60 வருஷம் நின்றதை 60 பரீட்சையில் பாஸ் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டோ மூன்றோ எழுதியிருக்கும், அதிலும் கடினமான கேள்வி வந்ததா என்பது பழைய பதிவுகளைப் பார்த்தால்தான் தெரியும்.

அது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன். உங்கள் அணையின் எண்கள் அல்ல, இந்த வகை அணைக்குப் பொருந்துகிற எண்கள். நீர்ப்பிடிப்புப் பரப்பு 3 சதுர மைல். ஒரே ராத்திரியில் கொட்டிய மழையில் 5 அங்குலம் மண்ணில் இறங்காமல் ஓடி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 800 ஏக்கர் அடி (ஓர் ஏக்கர் நிலத்தில் ஓரடி ஆழம் நிற்கிற தண்ணீர் ஒரு ஏக்கர் அடி), நம்ம ஊர்ப் பேப்பரில் போடுகிற கணக்கில் சுமார் 35 மில்லியன் கன அடி. செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவான 3,645 மில்லியன் கன அடியில் நூறில் ஒரு பங்கு. இது 6 மணி நேரத்தில் வந்து சேர்ந்தால் சராசரியாக விநாடிக்கு 1,600 கன அடி. அணை இல்லையென்றால் அத்தனையும் ஓடை வழியாக ஒரேயடியாகக் கீழே இறங்கும். அணை இருந்தால், குளத்துக்குள் நிற்கிற 'ரைசர்' என்கிற கான்கிரீட் கூண்டில் தண்ணீர் விழுந்து, கரைக்கு அடியில் பதித்த குழாய் வழியாக அந்தப் பக்கம் போகும். குழாயின் வாய் 24 அங்குலம் என்றால் விநாடிக்கு 50, 60 கன அடி போகலாம், அதற்கு மேல் போகாது. மீதி தேங்கி நின்று ஒரு வாரம், பத்து நாளில் வடிந்துவிடும். வெள்ளத்தின்போது இயக்க வேண்டிய ஷட்டர் என்று எதுவும் கிடையாது, வாட்ச்மேன் கிடையாது, நடு ராத்திரியில் யார் திறக்கச் சொன்னது என்ற சண்டைக்கும் வழி கிடையாது. இந்த ஏற்பாட்டில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயமே அதுதான்.

குழாயும் சமாளிக்காமல் தண்ணீர் இன்னும் ஏறினால், கரையின் ஓரத்தில் இயற்கையான மேட்டை வெட்டி, அகலமாகப் புல் வளர்த்து வைத்திருக்கிற ஒரு வாய்க்கால் வழியாகச் சுற்றிக்கொண்டு போகும். நம்ம கலிங்கு மாதிரிதான், ஆனால் கல் கட்டு இல்லை, வெறும் புல். கலிங்கு ஓடினால் நமக்குச் சந்தோஷம். இங்கே அந்தப் புல் வாய்க்கால் ஓடினால் எனக்கு ஃபோன் வரும். கட்டிய காலத்தில் அது 25 வருஷத்துக்கு ஒரு தடவையோ, இன்னும் அபூர்வமாகவோ ஓடும் என்று கணக்குப் போட்டார்கள். ஓடும்போது கொஞ்சம் அரிக்கும் என்பதும் அந்தக் கணக்கிலேயே உண்டு. அரிப்பு பின்னோக்கி ஏறி அணை வரைக்கும் வந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

இவற்றைக் கட்டிய கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் 'ஹை ஹஸார்ட்' புரியாது. ஓக்லஹோமாவில் வாஷிடா ஆற்றங்கரையில் ஹேமன் என்ற சின்ன ஊரில் 1934 ஏப்ரலில் வந்த வெள்ளத்தில் 17 பேர் இறந்தார்கள். பெரிய ஆற்றில் பெரிய அணை கட்டுவது ஒரு பக்கம் இருக்கட்டும், ஓடைகளின் தலைப்பகுதியிலேயே சின்னச் சின்னதாகத் தடுத்தால் என்ன என்ற யோசனை வலுத்தது. 1944 வெள்ளத் தடுப்புச் சட்டத்தில் 11 ஆற்றுப் படுகைகளுக்கு அனுமதி கிடைத்தது. வாஷிடா அதில் ஒன்று, உங்கள் பக்கத்து டிரினிட்டி ஆறும் ஒன்று. முதல் அணை 1948-ல் ஓக்லஹோமாவின் கார்டெல் பக்கத்தில், கிளவுட் கிரீக் ஓடையில் முடிந்தது. 1954-ல் இன்னொரு சட்டம் வந்து நாடு முழுக்கப் பரவி, இன்று எல்லாம் சேர்த்து 11,800 அணைகளுக்கு மேல் இருக்கின்றன. ஓக்லஹோமாவில் 2,100-க்கு மேல், டெக்சஸில் சுமார் 2,000. வரைபடம், பணம், பொறியாளர் எல்லாம் மத்திய அரசின் மண் பாதுகாப்புத் துறையான சாயில் கன்சர்வேஷன் சர்வீஸ். இப்போது அதன் பெயர் என்ஆர்சிஎஸ். நிலம் பெரும்பாலும் தனியாருடையது, அணைக்காக உரிமை மட்டும் எழுதி வாங்கினார்கள். பராமரிப்பு உள்ளூர் மண், நீர் பாதுகாப்பு மாவட்டங்கள், கவுண்டி, நகராட்சி ஆகியவற்றின் பொறுப்பு.

அன்று கரைக்குக் கீழே பருத்திக் காடும் மாட்டு மந்தையும்தான் இருந்தன. உடைந்தால் வேலி போகும், நாலு மாடு போகும். அதனால் 'லோ ஹஸார்ட்' என்று எழுதி, அந்த அளவுக்கு ஏற்ற மாதிரி மேடும் வாய்க்காலும் வைத்தார்கள். அப்புறம் டல்லஸ் வடக்கே வளர்ந்தது. கரை நகரவில்லை, வீடுகள்தான் அதற்குக் கீழே வந்து உட்கார்ந்தன. ஆக அந்த வார்த்தைக்கு அர்த்தம் அணை மோசமான நிலையில் இருக்கிறது என்பதல்ல. உடைந்தால் உயிர்ச் சேதம் நேரக்கூடும், அதாவது கீழே மனிதர்கள் இருக்கிறார்கள், அவ்வளவுதான் அது சொல்கிறது. நேற்று கட்டி முடித்த அருமையான அணையும் ஹை ஹஸார்டாக இருக்கும், நடுக்காட்டில் பாதி கரைந்து நிற்கிற அணை லோ ஹஸார்டாக இருக்கும். நிலைமை எப்படி என்பதற்குத் தனியாக ஒரு மதிப்பீடு உண்டு, நீங்கள் கேட்க வேண்டியது அதைத்தான். ஆனால் அந்த வார்த்தையில் உண்மையான கவலை ஒன்றும் ஒளிந்திருக்கிறது. லோ ஹஸார்டுக்குக் கட்டிய வாய்க்கால், ஹை ஹஸார்டுக்கு இன்றைய விதி கேட்கிற வெள்ளத்துக்குப் போதாமல் இருக்கலாம். 2000-ல் இந்த அணைகளைப் புதுப்பிக்கவே ஒரு சட்டம் கொண்டுவந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். அணையை உயர்த்துவது, வாய்க்காலை அகலப்படுத்துவது, புல்லுக்குப் பதில் கான்கிரீட் படிகள் வைப்பது என்று வேலை நடக்கிறது, ஆனால் வரிசை நீளம், பணம் குறைவு. இன்னொன்று, 50 வருஷ ஆயுள் என்று ஆவணத்தில் பார்த்தால் பதறாதீர்கள். அது வண்டல் சேரும் வேகத்தையும் செலவு வரவுக் கணக்கையும் வைத்துப் போட்ட எண், மாத்திரை அட்டையில் இருக்கிற காலாவதித் தேதி மாதிரி கிடையாது.

"சின்ன அணைதானே" என்று யாராவது சொன்னால் அதையும் ஏற்க வேண்டாம். 1977 நவம்பரில் ஜார்ஜியாவின் டொக்கோவா என்ற ஊருக்கு மேலே இருந்த கெல்லி பார்ன்ஸ் அணை, வெள்ளத் தடுப்பு அணை அல்ல, உயரம் சுமார் 40 அடிதான், பலத்த மழைக்குப் பிறகு நள்ளிரவு தாண்டி உடைந்து 39 பேர் இறந்தார்கள். கீழே ஒரு கல்லூரி இருந்தது.

இப்போது மண்ணுக்கு வருகிறேன், என் பிழைப்பே அதில்தான். டல்லஸைச் சுற்றியிருக்கிற பிளாக்லேண்ட் பிரேரி மண்ணைக் கையில் எடுத்தால் கோவில்பட்டி ஞாபகம் வரும். அசல் கரிசல். நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். ஒரு ஆகஸ்ட் மாதம் இப்படி ஓர் அணையின் தலைமட்டத்தில் நின்று வெடிப்புக்குள் இரும்பு டேப்பை இறக்கினேன், நாலடி தாண்டியும் தரை தட்டவில்லை. ஏரிக்கரை என்றால் அடியில் எப்போதும் கொஞ்சமாவது ஈரம் இருக்கும். காலியாகக் கிடக்கிற அணையோ வருஷக்கணக்கில் வெயிலில் காய்ந்து வெடித்துக்கொண்டே இருக்கிறது, வெள்ளம் வருகிற அன்று தண்ணீர் நேராக அந்த வெடிப்பில் ஏறுகிறது. பெரும்பாலும் களிமண் நனைந்து உப்பி வெடிப்பை அடைத்துவிடும். கரிசலின் நல்ல குணம் அது. கெட்ட குணம், வருஷக்கணக்கில் உப்பியும் சுருங்கியும் பலம் இழந்து, சரிவின் மேல்தோல் மூன்று நாலு அடிக் கனத்துக்கு வழிந்து இறங்கும். இந்தப் பக்கத்து அணைகளில் இது சாதாரணம், பார்க்கப் பயங்கரமாக இருக்கும், பெரும்பாலும் உடனடி ஆபத்து இல்லை. ஆனால் சரி செய்யாமல் விட்டால் கரையின் தலைப்பகுதியைத் தின்றுவிடும்.

எல்லாக் களிமண்ணும் இப்படி வெடிப்பை அடைக்காது என்பதுதான் சிக்கல். சோடியம் அதிகமான ஒரு வகைக் களிமண் தண்ணீர் பட்டதும் பால் மாதிரிக் கரைந்து போகும். ஓக்லஹோமாவிலும் மிசிசிப்பியிலும் இதே சாயில் கன்சர்வேஷன் சர்வீஸ் கட்டிய சில அணைகள் முதல் தடவை தண்ணீர் ஏறியபோதே துளை விழுந்து போனதை ஆராய்ந்து ஷெரார்ட் என்ற அணைப் பொறியாளரும் கூட்டாளிகளும் 1972-ல் எழுதிய பிறகுதான் எங்கள் தொழிலில் இதை ஒழுங்காகக் கவனிக்க ஆரம்பித்தார்கள். சோதனை எளிது. ஒரு கண்ணாடி டம்ளரில் காய்ச்சி வடித்த தண்ணீர், அதில் சுண்டைக்காய் அளவு மண் கட்டி. பத்து நிமிஷம் தொடாமல் வைத்தால், நல்ல களிமண் பொலபொலவென்று உதிர்ந்தாலும் மேலே தண்ணீர் தெளிவாக நிற்கும், கெட்டது அடியில் புகை மாதிரிப் படர ஆரம்பிக்கும். புகை வந்தால் நிச்சயம் கெட்ட மண். வராவிட்டால் நல்ல மண் என்று சொல்லிவிட முடியாது, வேறு சோதனைகள் வேண்டும். 1972-க்கு முன்னால் கட்டிய அணை என்றால் இந்தக் கண்ணோட்டத்தில் மண்ணைப் பார்த்திருக்க வாய்ப்பு குறைவு. உங்களுடையது அந்தக் காலத்தது.

அடுத்து கரைக்கு அடியில் போகும் குழாய். என்னைக் கேட்டால் இந்த வகை அணையில் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் இதுதான். குழாயைச் சுற்றி மண்ணைச் சரியாக இடித்து இறுக்க முடியாது, அந்த ஓரமாகத் தண்ணீர் வழி பிடித்து மண்ணை இழுக்கும். பழைய காலத்தில் அதைத் தடுக்கக் குழாயின் மேல் கான்கிரீட் காலர்கள் மாட்டினார்கள், அதனால் பெரிய பலன் இல்லை என்று தெரிந்து 1980-களின் நடுவில் கைவிட்டு, குழாயைச் சுற்றி மணல் வடிகட்டி வைக்க ஆரம்பித்தார்கள். மணல் தண்ணீரை விடும், மண்ணை விடாது. அப்புறம் குழாய் கான்கிரீட்டா, நெளி தகரமா என்பதும் முக்கியம். தகரம் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் கரை மண் கொஞ்சம் கொஞ்சமாகக் குழாய்க்குள் இறங்கி, ஒருநாள் மேலே பள்ளம் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள், அனுமதி உள்ள பாதையில் இருந்தே நிறையத் தெரியும். கரையின் வெளிச் சரிவு அடியில் மற்ற இடமெல்லாம் காய்ந்திருக்க ஓரிடம் மட்டும் பச்சையாக, சதசதவென்று இருக்கிறதா, குறிப்பாகக் குழாய் வெளிவருகிற இடத்தில்? கசிவு இருந்தால் மட்டும் பயம் வேண்டாம், கசியாத மண் கரை கிடையாது. ஒரு பாட்டிலில் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பாருங்கள். தெளிவாக இருந்தால் குறித்துக்கொண்டு சொல்லுங்கள், கலங்கலாக இருந்தால் அன்றைக்கே ஃபோன் செய்யுங்கள், ஏனென்றால் கலங்கலில் இருப்பது கரையின் மண். கரைமேல் மரம் இருக்கிறதா? நிழல் நன்றாக இருக்கிறது என்று விட்டு வைத்திருப்பார்கள். அது பட்டுப்போனால் வேர் மக்கிக் குழாய் போல வழி விடும். ஊரில் ஏரிக்கரைக்கு நண்டு வளை எப்படியோ இங்கே காட்டுப்பன்றியும் கோஃபர் என்கிற மண்ணெலியும் அப்படி, ரைசர் வாயில் பீவர் என்கிற விலங்கு குச்சியால் அடைக்கிற தொல்லை தனி. கடைசியாக அந்தப் புல் வாய்க்கால். நான் பார்த்த ஒரு சப்டிவிஷனில் அது நல்ல சமதளமாக இருக்கிறதே என்று குறுக்கே வேலி போட்டு, மண் கொட்டிக் குழந்தைகள் விளையாடுமிடம் ஆக்கியிருந்தார்கள். அங்கே மண் கொட்டினால் வெள்ளம் கரைமேல் ஏறும் என்று சொன்னபோது, அது வாய்க்கால் என்பதே தெரியாது என்றார்கள். பொய் சொல்லவில்லை, பார்த்தால் தெரியாதுதான்.

இதுவரை சொன்னதில் அணை வேலை செய்கிற விதம், ஹை ஹஸார்டின் பொருள், மண், குழாய், இவை உறுதியானவை. உறுதியில்லாதது, உங்கள் அணை உடைய எத்தனை சதவீத வாய்ப்பு என்பது. அப்படி ஓர் எண்ணை யாராவது கொடுத்தால் அதன் பின்னால் நிறைய ஊகம் இருக்கும், நான் கொடுக்க மாட்டேன். நீங்கள் கேள்வியோடு போட்ட மூன்று படங்களில் புல் நன்றாக வெட்டியிருக்கிறது, மரம் இல்லை, அது நல்ல அறிகுறி, யாரோ கவனிக்கிறார்கள். ஆனால் குழாயின் உள்பக்கம் படத்தில் தெரியாது, அதற்குக் கேமரா விட வேண்டும். மழைக் கணக்கும் மாறுகிறது. 2018-ல் வந்த புதிய மழை அட்டவணையில் ஹூஸ்டன் பக்கம் 100 வருஷ மழை (எந்த வருஷத்திலும் நூறில் ஒரு வாய்ப்புள்ள மழை) ஒரு நாளைக்கு 13 அங்குலம் என்றிருந்தது 18 வரை ஏறியது. டல்லஸ் பக்கம் அந்த அளவு மாற்றம் இல்லை, இருந்தாலும் பழைய வாய்க்காலைப் பழைய மழைக்குத்தான் வெட்டினார்கள்.

செய்ய வேண்டியது இதுதான். கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த அணைக்குப் பொறுப்பான உள்ளூர் அமைப்புக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு நாலு விஷயம் கேளுங்கள்: ஒன்று, கடைசிச் சோதனை எப்போது, அதில் நிலை என்ன என்று போட்டார்கள்; இரண்டு, குழாய் என்ன வகை, உள்ளே கேமரா விட்டுப் பார்த்தார்களா; மூன்று, புதுப்பிக்கும் பட்டியலில் இருக்கிறதா; நாலு, அணை உடைந்தால் என்ன செய்வது என்ற அவசரகாலத் திட்டத்தின் வெள்ள வரைபடத்தில் உங்கள் மனை எங்கே விழுகிறது. இந்த நாலாவதை, மத்திய அரசின் பேரிடர் அமைப்பான ஃபீமா போடுகிற வெள்ள வரைபடத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது ஆறும் ஓடையும் பெருகினால் எது நனையும் என்று காட்டுவது, அணை உடைந்தால் என்ன ஆகும் என்பது அதில் வராது. அதனால் 'ஃப்ளட் ஸோன் இல்லை' என்று ஏஜென்ட் சொல்வது உண்மையாகவே இருக்கும், உங்கள் கேள்விக்குப் பதிலாகத்தான் இருக்காது. வழக்கமான வீட்டுக் காப்பீடு வெள்ளத்தைச் சேர்க்காது, தனியாக எடுக்க வேண்டும், அரசுத் திட்டத்தில் பொதுவாக 30 நாள் காத்திருப்பு உண்டு, எனவே மழைக்காலம் வரை தள்ளாதீர்கள். குளத்துப் பக்கமாக, அதாவது கரைக்கு மேல்புறம் இருக்கிற மனைகளையும் உங்களுக்குக் காட்டியிருந்தால் அங்கே கேள்வி வேறு. தேங்குகிற வெள்ளம் எந்த மட்டம் வரை ஏற உரிமை எழுதி வாங்கியிருக்கிறார்கள் என்று பத்திரத்தில் பாருங்கள். அந்த மட்டத்துக்குக் கீழே கொட்டகை கூடப் போடக் கூடாது.

நானாக இருந்தால்? சோதனை அறிக்கை கடந்த சில வருஷத்துக்குள் இருந்து, நிலை நன்று என்று இருந்து, மனை அந்த வரைபடத்தின் ஓரத்தில் இருந்தால் வாங்குவேன், காப்பீடும் எடுப்பேன். மனை ஓடைக்கு நேர் எதிரே தாழ்வில் இருந்து, வாய்க்கால் போதாது என்று அவர்களே எழுதியிருந்தால் அதே தெருவில் இருபதடி மேட்டில் இருக்கிற வீட்டைப் பார்ப்பேன், பத்தாயிரம் டாலர் கூட என்றாலும். மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் வில்லோடு கரையில் நின்றார் என்று கதை உண்டு, டெக்சஸில் அந்த வேலை ஒரு மாவட்ட அலுவலகத்தில் இருக்கிற இரண்டு மூன்று பேர் தலையில். அவர்கள் கெட்டிக்காரர்கள், ஆனால் ஒவ்வொருவர் கையிலும் நிறைய அணைகள். அதனால் ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் கோபித்துக்கொள்ளாமல் ஃபோனில் கூப்பிடுங்கள். பதில் வந்ததும் குழாய் கான்கிரீட்டா தகரமா என்பதை மட்டுமாவது இங்கே போடுங்கள், மீதியை அதை வைத்துச் சொல்கிறேன்.